அட்டர்னி ஜெனரல் என்னும் சொல்

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த ஒரு பள்ளியில் நான் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த காலம். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலச் செய்தித்தாளிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்துத் தமிழாக்கச் சொல்லியிருந்தேன். அதில் ‘அட்டர்னி ஜெனரல்’ என்ற பதம் வந்தது. உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் அதை ‘வழக்கறிஞர்களின் படைத்தளபதி’ என்று எழுதியிருந்தான். நான் அதை உரக்கப் படித்தேன், வகுப்பு முழுதும் சிரித்தது, நானும் சிரித்தேன். சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘தலைமை வழக்கறிஞர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவன் என் மேசையருகே வந்து நின்றான். “சார், எங்க பெரியப்பா நெலத்துக்கு அப்பா பேர்ல ‘ஜெனரல் பவர்’ எழுதிக் கொடுத்தாரு. அந்த ஜெனரலும் இந்த ஜெனரலும் ஒண்ணா சார்?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. “பாடத்தில் இல்லாததைக் கேட்காதே” என்று அனுப்பிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்தில் அமர நேரம் கிடைத்தபொழுதுதான், அவன் கேட்ட கேள்வியே அந்தச் சொல்லின் வரலாற்றுக்கு வாயில் என்று கண்டேன். அவனுக்கு அன்று நான் தரவேண்டியிருந்த விடையைத்தான் இன்று மாணவ நேயர்களாகிய உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் ‘அட்டர்னி’ என்பதைப் பார்ப்போம். பழைய பிரெஞ்சு மொழியில் ‘திருப்பிவிடு, நியமித்துவிடு’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பெயர் இது. ஒருவன் தன் காரியத்தைத் தானே நடத்த இயலாதபோது இன்னொருவனிடம் அதைத் திருப்பிவிடுகிறான். அவ்வாறு திருப்பிவிடப்பட்டவனே அட்டர்னி. அவன் சட்டம் படித்தவனாக இருக்கவேண்டும் என்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தின் முன் மரநிழலில் எழுதப்படும் ‘பவர் பத்திரம்’ இந்தப் பழம் பொருளைத்தான் இன்றும் காத்து நிற்கிறது. நம் நாட்டில் இதற்கென 1882 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

இந்தப் பவர் இருவகைப்படும் என்பதை நாட்டுப்புறத்தார் எல்லோரும் அறிவர். ஒரே ஒரு நிலத்தை விற்பதற்கோ, ஒரே ஒரு வழக்கை நடத்துவதற்கோ கொடுப்பது ‘ஸ்பெஷல் பவர்’. எல்லாக் காரியங்களையும் பார்த்துக்கொள்ளும்படி கொடுப்பது ‘ஜெனரல் பவர்’. இங்கிலாந்தின் இடைக்காலத்திலும் இதே பாகுபாடுதான் இருந்தது. ஒரு வழக்குக்கு மட்டும் அமர்த்தப்பட்டவன் தனி அட்டர்னி. எல்லா வழக்குகளுக்கும் அமர்த்தப்பட்டவன் பொது அட்டர்னி. செல்வம் மிக்க பிரபுக்களும் இத்தகைய பொது அட்டர்னிகளை வைத்திருந்தனர். மன்னனுக்கோ ஊரெங்கும் வழக்கு. அவன் தன் நீதிமன்றத்தில் தானே வாதியாக வந்து நிற்பதும் பொருந்தாது. ஆகவே 1243 அளவிலேயே லாரன்ஸ் டெல் புரோக் என்பவர் அரசனுக்காக வழக்காடியதை ஏடுகள் காட்டுகின்றன. ‘அட்டர்னி ஜெனரல்’ என்ற பட்டம் 1461 ஆம் ஆண்டில் தோன்றுகிறது. அரசனின் ‘ஜெனரல் பவர்’ பெற்றவர் என்பதே அதன் பொருள்.

பையன் கேட்டது சரி. அந்த ஜெனரலும் இந்த ஜெனரலும் ஒன்றே.

அப்படியானால் ‘ஜெனரல்’ என்னும் அடைமொழி ஏன் பெயருக்குப் பின்னே போய் நிற்கிறது? நார்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066 க்குப் பின் பல நூற்றாண்டுகள் அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழியே ஆண்டது. பிரெஞ்சில் அடைமொழி பெரும்பாலும் பெயருக்குப் பின்னரே வரும். ஆங்கிலேயர் பிரெஞ்சை விட்டார்கள்; அந்த வரிசையை மட்டும் விடவில்லை. நம் ஊர்க் கடைத்தெருப் பலகையில் காணும் ‘நோட்டரி பப்ளிக்’, படைத்துறையில் வழங்கும் ‘கோர்ட் மார்ஷல்’ ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் வருவதே நெறி. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என்றாவதை நம் இலக்கண நூலார் இலக்கணப் போலி என்று தனியே பெயரிட்டு வைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்த இடமாற்றத்துக்கு அப்படியொரு செல்லப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. மாணவர்கள் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ!

தடுமாற்றம் பெரிதும் பன்மையில்தான் வரும். ‘அட்டர்னி’ பெயர்ச்சொல், ‘ஜெனரல்’ அடைமொழி. ஆகவே பன்மை விகுதி பெயரோடுதான் சேரவேண்டும்: ‘அட்டர்னிஸ் ஜெனரல்’. ‘மேஜர் ஜெனரல்’ என்பதில் நிலை வேறு. அங்கே ஜெனரல் என்பதே பெயர், படைத்தலைவன். எனவே ‘மேஜர் ஜெனரல்ஸ்’ என்று இறுதியில் விகுதி வரும். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவன் இனித் தவறமாட்டான். ஆனால் பேச்சு வழக்கில் ‘அட்டர்னி ஜெனரல்ஸ்’ என்பதும் நெடுங்காலமாக இருந்து வருகிறது; இங்கிலாந்தில் அதை எழுதுவோரும் உண்டு. நான் ஆசிரியனாக இருந்தபோது அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்து வந்தேன். இன்று குறைக்கமாட்டேன், அடியில் கோடிட்டு, ஏன் என்று மட்டும் கேட்பேன்.

அமெரிக்கர் இதில் ஒரு வேடிக்கை செய்கிறார்கள். அங்கே உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதிடும் சொலிசிட்டர் ஜெனரலை நீதிபதிகள் ‘ஜெனரல்’ என்றே விளிக்கும் வழக்கம் உண்டு. அடைமொழி தனியே எழுந்து நின்று பெயராகிவிட்டது. என் மாணவன் ‘படைத்தளபதி’ என்று எழுதியதற்குச் சிரித்தோமே, உலகத்தின் பெரிய நீதிமன்றம் ஒன்றும் ஏறத்தாழ அதையேதான் செய்கிறது.

இந்தச் சொல்வரிசையை அறிய இங்கிலாந்து வரை போக வேண்டியதுமில்லை. மரக்காணத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் புதுச்சேரி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த அந்நகரில், மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு ‘ப்ரொக்யுரேர் ஜெனரால்’ என்றொரு பதவி இருந்தது. ‘ப்ரொக்யுரேர்’ என்பதும் பிறருக்காகக் காரியம் பார்ப்பவர் என்றே பொருள்படும். ஒரு பக்கம் தென்னார்க்காட்டில் ஆங்கில நீதி, மறு பக்கம் புதுச்சேரியில் பிரெஞ்சு நீதி; இரண்டிலும் ‘ஜெனரல்’ பின்னால்தான் நின்றது.

இனிச் சென்னைக்கு வருவோம். சென்னையில் அட்டர்னி ஜெனரல் என்றொருவர் இருந்ததில்லை. இருந்தவர் ‘அட்வகேட் ஜெனரல்’. அட்டர்னி ஜெனரல் அரசருடையவர். இங்கே ஆண்டதோ வணிகக் கம்பெனி. ஆனால் 1813 ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் ஒரு முக்கியமான காரியம் செய்தது. இங்கிலாந்தில் மன்னரின் அட்டர்னி ஜெனரல் எந்த வகையில் நீதிமன்றத்தில் முறையீடு கொண்டுவரலாமோ, அதே வகையில் இம்மாகாணங்களின் அட்வகேட் ஜெனரலும் கொண்டுவரலாம் என்று அது விதித்தது. பெயர் வேறு, அதிகாரம் ஒன்று.

அந்த அதிகாரம் என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இன்றும் சென்னையில் அதன் பயனை அனுபவிக்கும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

பச்சையப்ப முதலியார் 1794 இல் காலமானார். வறுமையில் பிறந்து துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டியவர். காசி முதல் கன்னியாகுமரி வரை கோயில்களிலும் அறச்சாலைகளிலும் தருமங்கள் நடக்கவேண்டும் என்று உயில் எழுதி வைத்தார். ஆனால் அவர் கண்மூடிய பிறகு பொருள் அவர் நினைத்த வழியில் செல்லவில்லை. ஆண்டுகள் பல உருண்டன. தருமத்துக்கு உரியவர் யார்? கோயில் வாயிலில் பிச்சைக்கு நிற்பவரும், சத்திரத்தில் ஒரு வேளை உண்டு போகிறவரும்தாம். அவர்கள் சுப்ரீம் கோர்ட்டின் படியேறி வழக்குப் போடுவார்களா? அங்குதான் அட்வகேட் ஜெனரல் வந்தார். இங்கிலாந்தில் அறக்கட்டளைகளுக்குக் காப்பாளர் மன்னர். மன்னருக்காக அவற்றைக் காப்பவர் அட்டர்னி ஜெனரல். அதே முறையில் சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் பச்சையப்பர் தருமத்தை நீதிமன்றத்தின் முன் கொண்டு நிறுத்தினார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதை விடாமல் பற்றினார். கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சிய பெரும்பொருளைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்தது. 1842 இல் சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே வளர்ந்து பச்சையப்பன் கல்லூரியாயிற்று. அரசின் வழக்கறிஞர் ஒருவர், அரசுக்கு ஒரு காசும் வராத வழக்கை, வாய்பேச ஆளில்லாதவர்களுக்காக நடத்தியதன் பயன் அது.

இந்த மரபு 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் ஏறியது. அதன் 92 ஆம் பிரிவு, பொது அறக்கட்டளை ஒன்று சீர்கெட்டால் அட்வகேட் ஜெனரல் வழக்குத் தொடரலாம் என்றது. பொதுமக்கள் இருவர் தொடர விரும்பினாலும் அவருடைய எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்றும் விதித்தது. 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்த இசைவின் இடத்தில் நீதிமன்றத்தின் அனுமதி வந்தது. தமிழ்நாட்டு இந்துக் கோயில்களுக்குத் தனிச் சட்டமும் உண்டாயிற்று. 91 ஆம் பிரிவோ பொதுத்தொல்லைகளைப் பற்றியது. பொதுவழியை ஒருவன் அடைத்துக்கொண்டால் ஊருக்காகக் கேட்கக்கூடியவர்களில் முதலாவதாக அட்வகேட் ஜெனரலின் பெயரையே அது சொல்லுகிறது.

நெடுங்காலம் ஆங்கிலப் பாரிஸ்டர்களே வீற்றிருந்த அந்த நாற்காலியில், 1897 இல் தற்காலிகமாக அமர்ந்த முதல் இந்தியர் வெ. பாஷ்யம் ஐயங்கார். சீமைக்குச் சென்று பாரிஸ்டர் பட்டம் பெறாமல், இங்கேயே சட்டம் பயின்ற வக்கீல் அவர். பி. எஸ். சிவசாமி ஐயர், சி. பி. ராமசாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் பின்னர் அதை அணி செய்தனர். இவர்களுள் அல்லாடியார் அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவிலும் இடம் பெற்றார்.

1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியா முழுமைக்கும் இருந்த அதிகாரிக்கும் ‘அட்வகேட் ஜெனரல்’ என்றே பெயர். 1950 இல் குடியரசு மலர்ந்தபோதுதான் மைய அரசுக்கு ‘அட்டர்னி ஜெனரல்’ என்றும் மாநிலத்துக்கு ‘அட்வகேட் ஜெனரல்’ என்றும் பெயர்கள் பிரிந்தன. முதல் அட்டர்னி ஜெனரல் எம். சி. செதல்வாட்; 1950 முதல் 1963 வரை அப்பதவியில் இருந்தார். நம் பக்கத்தாருக்கும் இதில் பங்குண்டு. 1983 முதல் 1989 வரை அப்பதவியில் இருந்த கே. பராசரன், முன்பு தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரலாகவும் இருந்தவர். 2022 இல் அப்பொறுப்பை ஏற்ற ஆர். வெங்கடரமணி புதுச்சேரியில் பிறந்தவர்.

அரசியல் சட்டத்தின் ஆங்கில மூலத்தை எடுத்து 76 ஆம் உறுப்பைப் பாருங்கள். அங்கே ‘அட்டர்னி’க்கும் ‘ஜெனரலு’க்கும் இடையே ஓர் இணைப்புக் கோடு இருக்கும். அமெரிக்கச் செய்தித்தாள்கள் இன்று அக்கோட்டைப் போடுவதில்லை. இன்னொன்றையும் நோக்குங்கள். செய்தித்தாள்கள் பலவும் ‘அட்டர்னி ஜெனரல் ஆஃப் இந்தியா’ என்று எழுதுகின்றன. சட்டமோ ‘ஃபார் இந்தியா’ என்கிறது. ‘இந்தியாவினுடைய’ என்பதற்கும் ‘இந்தியாவுக்காக’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. வேற்றுமை உருபில் கண்ணாக இருக்கும் தமிழ் மாணவனுக்கு இது உடனே பிடிபடும். ஒருவருக்காக நிற்பவர் என்ற அட்டர்னியின் மூலப்பொருள் அந்தச் சிறு சொல்லில் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

உப்பை எடுத்துக்கொண்டால் இவ்விரு பெயர்களின் வேறுபாடு நன்கு விளங்கும். உப்பு உற்பத்தியும் அதன் கட்டுப்பாடும் ஏழாம் அட்டவணையில் மைய அரசின் பட்டியலில், 58 ஆம் இனமாக உள்ளன. நிலமோ பொதுவாக மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. எனவே உப்பளத்தைப் பற்றிய பெரிய வழக்கு ஒன்றில் இரு அரசுகளும் எதிரெதிரே நிற்க நேர்ந்தால், ஒரு பக்கம் அட்டர்னி ஜெனரலும் மறு பக்கம் அட்வகேட் ஜெனரலும் எழக்கூடும். தமிழ்ச் செய்தியிலோ இருவரும் ‘தலைமை வழக்கறிஞர்’ ஆகிவிடுவார்கள். ‘மத்திய அரசின்’, ‘மாநில அரசின்’ என்று முன்னே சேர்த்தால்தான் தெளியும். சுருக்கெழுத்தில் இருவரும் ‘ஏ.ஜி.’. போதாக்குறைக்கு, கணக்காயரான அக்கவுண்டண்ட் ஜெனரலும் ‘ஏ.ஜி.’தான்! தேனாம்பேட்டையில் மெட்ரோ நிலையத்தின் பெயரில் உள்ள ‘ஏ.ஜி.’ இந்தக் கணக்காயரைக் குறிப்பது. அங்கே இறங்கி வழக்கறிஞரைத் தேடவேண்டாம்.

அமெரிக்காவைப் பற்றிய செய்தியில் அட்டர்னி ஜெனரல் என்று வந்தால் வேறு ஆளை நினைக்கவேண்டும். 1789 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே அப்பதவி உண்டானபோது அவர் வெறும் சட்ட ஆலோசகரே. 1870 இல் நீதித்துறை நிறுவப்பட்டபின் அதன் தலைவரானார். அதிபரின் அமைச்சரவையில் உட்காருபவர். 1961 இல் அதிபர் கென்னடி தம் தம்பி இராபர்ட்டையே அப்பதவியில் அமர்த்தினார். நம் அட்டர்னி ஜெனரல் அமைச்சர் அல்லர். நாடாளுமன்றத்தில் பேசலாம், வாக்களிக்க இயலாது. எந்த இந்திய நீதிமன்றத்திலும் எழுந்து வாதிடும் உரிமை அவருக்குண்டு.

இலங்கையில் இச்சொல்லுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. 1884 வரை ‘அரசியின் அட்வகேட்’ என்று அழைக்கப்பட்டவர் அவ்வாண்டு முதல் அட்டர்னி ஜெனரல் ஆனார். சர் பொன்னம்பலம் இராமநாதன் 1892 முதல் 1906 வரை அவருக்கு அடுத்த நிலையான சொலிசிட்டர் ஜெனரலாக விளங்கினார். ஈழத்தமிழர் அட்டர்னி ஜெனரலை ‘சட்டமா அதிபர்’ என்றும், சொலிசிட்டர் ஜெனரலை ‘மன்றாடியார் நாயகம்’ என்றும் அழகாக வழங்குகின்றனர். அங்கே அரசின்மீது வழக்குத் தொடுப்பவர் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாகக் காட்டவேண்டும். தனிச் சிங்களச் சட்டத்தின் விளைவாகத் தம் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டதை எதிர்த்து அரசு எழுத்தர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு, சட்ட ஏடுகளில் ‘கோடீஸ்வரன் எதிர் அட்டர்னி ஜெனரல்’ என்றே பதிவாகியுள்ளது. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1969 இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அரசு ஊழியர் தம் ஊதியத்துக்காக வழக்காடலாம் என்று கூறி உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளியது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற பெருங்கேள்விக்கு மட்டும் அது விடை கூறவில்லை. அவ்வழக்கின் தலைப்பில் ‘அட்டர்னி ஜெனரல்’ என்பது ஒரு மனிதரைக் குறிக்கவில்லை. ஓர் அரசையே குறித்தது.

ஆகவே இவர் யாருடைய வழக்கறிஞர்? பச்சையப்பர் வழக்கில் நாதியற்றவர்களுக்காக நின்றார். கோடீஸ்வரன் வழக்கில் அரசுக்காக நின்றார். நம் நாட்டில் இக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது நெருக்கடிநிலைக் காலத்தில். விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டோரின் ஆட்கொணர்வு மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் வாதிடப்பட்டபோது, காவலர் ஒருவர் சொந்தப் பகைமையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்குப் பரிகாரம் உண்டா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார். நெருக்கடிநிலை நீடிக்கும் வரை இல்லை என்பதே தம் வாதத்தின் முடிவு என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டே விடை கூறினார். 1976 இல் பெரும்பான்மை நீதிபதிகள் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர். கன்னா மட்டும் மாறுபட்டார். ஆனால் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூனிலேயே, கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பாலி நாரிமன் தம் பதவியைத் துறந்துவிட்டார். 2017 இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தப் பழைய தீர்ப்பு தவறானது என்று அறிவித்தனர். ‘ஜெனரல் பவர்’ பெற்றவன் கொடுத்தவனுக்காக எதையும் சொல்லக் கடமைப்பட்டவனா என்றால், இல்லை என்பதே என் கருத்து. பவர் கொடுத்தவர் அமைச்சரா மக்களா என்று கேட்டால், சட்டம் ‘இந்தியாவுக்காக’ என்று எழுதியிருப்பதை மறுபடியும் காட்டுவேன்.

என் கேள்விக்காரனை அண்மையில் மரக்காணத்துச் சாலையோரம் கண்டேன். வளர்ந்து, தன் தந்தையைப் போலவே பாத்தியில் உப்பு வாருகிறான். அவன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். நின்ற இடத்திலேயே அவனுக்கு ‘ஜெனரல் பவர்’ விளக்கம் முழுவதையும் சொன்னேன். நீ கேட்டது சரிதான் என்றும் சொன்னேன். மரியாதையோடு கேட்டுக்கொண்டான். அந்தக் கேள்வியைக் கேட்டது அவனுக்கு நினைவில்லை. வகுப்பு சிரித்ததுதான் நினைவிருக்கிறது என்றான்.